ஐம்பதாவது ஆள் என்ன சம்பளம் வாங்குகிறான்? தனியார் பல்கலைக்கழக வேந்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேந்தர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் தனியார் பல்கலைக்கழகமும் நடத்துகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுகிறேன். யாரையும் பெயர் சொல்லப்போவதில்லை. பொதுத்துறை வங்கி ஒன்றில் 33 வருடம் வேலை பார்த்து 2024இல் ஓய்வு பெற்றவன் நான். அதில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடம் நாமக்கல், ஈரோடு பக்கத்துக் கிளைகளில் மேலாளர். கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுப் போட்டு உங்கள் முத்திரைகளும் லெட்டர்பேடுகளும் எனக்கு மனப்பாடம். உங்கள் வளாகத்துக்குள் நான் வந்ததில்லை. இன்னார் இங்கே படிக்கிறார், கட்டணம் இவ்வளவு என்று நீங்கள் எழுதித் தரும் போனஃபைடு சர்டிபிகேட்டை மட்டும் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறேன். விளம்பரத்தில் ஆண்டுக் கட்டணம் என்று ஒரு தொகை இருக்கும். அதே படிப்புக்கு, லோன் வாங்குவதற்காக நீங்கள் வங்கிக்குக் கொடுக்கும் போனஃபைடில் பத்து வரி இருக்கும். டியூஷன், தேர்வுக் கட்டணம், லேப், விடுதி, மெஸ், துணி துவைக்க, காஷன் டெபாசிட், பிளேஸ்மென்ட் பயிற்சி, அப்புறம் 'இதர' என்று ஒன்று. அந்த 'இதர' என்ன என்று கேட்டு உங்கள் அலுவலகத்துக்கு நான் போன் போட்டதுண்டு. எடுத்த பெண், "சார், அது அதர்ஸ்" என்றது. மொழிபெயர்த்துச் சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு பட்டம் மொத்தமாக எவ்வளவு ஆகிறது என்று நீங்கள் உண்மை பேசுகிற ஒரே இடம் அந்தத் தாள்தான். கடன் தொகை பெரிதாக வர வேண்டுமே, அதனால். விண்ணப்பம் வாங்க வருகிற பெற்றோரிடம் அந்தத் தாளைக் காட்டுவதில்லை. சீட் உறுதியாகி, முன்பணம் கட்டி, வங்கிக்குப் போகும்போதுதான் அது கைக்கு வருகிறது.

2018 ஜூன் மாதம். நாலு தறி வைத்து ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் மகனோடு வந்தார். பையன் பின்னால் நின்றான், என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாதான் பேசினார்.

"சாருங்க, கவுன்சிலிங்ல போனா நல்ல காலேஜ் கிடைக்காதுங்களாமா. அங்க இன்டர்வியூவுக்கே நூத்துக்கணக்குல கம்பெனி வருதுங்களாமா."

நாலு வருடத்துக்கு மொத்தம் 20 லட்சத்துக்கு மேல் போட்டிருந்தது போனஃபைடில். சம்பளம் என்ன வரும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார். முழுப்பக்க விளம்பரம். டை கட்டிய ஒரு பையன் படம், பக்கத்தில் அரை கோடி ரூபாய் சம்பளம்.

"இது ஒரு பையனுக்கு வந்ததுங்க" என்றேன்.

"எங்க பையனும் ஒரு பையன்தானுங்களே" என்றார்.

இந்த ஒரு பதிலுக்கு எனக்கு இன்றுவரை மறுமொழி தெரியவில்லை. வேந்தர்களே, உங்கள் விளம்பரத் துறை என்ன நினைத்து அந்தப் படத்தைப் போட்டதோ, அது சரியாக அவர் சட்டைப் பைக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

வீட்டுப் பத்திரத்தை வாங்கினேன். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஜாமீன் கேட்பது அன்றைக்கு வங்கி விதி. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வக்கீல் ஒப்பினியன் எல்லாம் முடிந்து, வீட்டு மதிப்புக்கு 15 லட்சம் கடன் வந்தது. வட்டி 10.5 சதவீதம். மீதிக்கு வீட்டுக்காரம்மா நகை. கையெழுத்துப் போட்டவன் நான். அதனால்தான் கணக்கை முழுதாகச் சொல்லும் கடமையும் எனக்கு இருக்கிறது.

வருடத்துக்கு 3,75,000 வீதம் நாலு தடவையாகப் பணம் போனது. படிக்கும் நாலு வருடமும் முடித்த பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடும், தனிவட்டியாக. முதல் வருடம் கொடுத்த பணத்துக்கு ஐந்து வருட வட்டி, அடுத்ததற்கு நாலு, அப்புறம் மூன்று, இரண்டு. கூட்டினால் ஐந்தரை லட்சம். ஆக, பையன் பட்டம் வாங்கி ஒரு வருடம் கழித்து, 2023 நடுவில், கணக்கில் நின்றது இருபதரை லட்சம். அதைப் பதினைந்து வருடத் தவணையாகப் பிரித்தால் மாதம் 22,700 ரூபாய். பதினைந்து வருடமும் ஒழுங்காகக் கட்டி முடித்தால் மொத்தம் 41 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. வாங்கியது 15. ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். கல்விக் கடன் இரண்டாவது ரகம். நாலு வருடம் அது தின்கிற சத்தமே கேட்காது.

பையனுக்கு வேலை கிடைத்ததா என்றால், கிடைத்தது. கேம்பஸில் பெரிய ஐ.டி. நிறுவனம் ஒன்று எடுத்தது. உங்கள் கணக்கில் அவன் 'பிளேஸ்டு'. வருடம் 3,60,000. சேரும் தேதிதான் வரவில்லை. 2022இல் ஆஃபர் வாங்கியவர்களில் பலர் ஒரு வருடம், அதற்கு மேலும் தேதிக்காகக் காத்துக் கிடந்தது செய்திகளில் எல்லாம் வந்ததுதான். இவனுக்கு 2023 கடைசியில் வந்தது. அதற்குள் தவணை தொடங்கிவிட்டது. முதல் சில மாதத் தவணையை அப்பா கட்டினார். இரண்டு தறியைப் பிரித்து எடைக்குப் போட்டார். ஓடுகிற தறியை யாரும் வாங்க ஆளில்லை, பழைய இரும்பு விலைதான்.

3,60,000 என்றால் மாதம் 30,000 என்று வீட்டில் எல்லோரும் வகுத்து வைத்திருந்தார்கள். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ் எல்லாம் அந்த மூன்று அறுபதுக்குள்தான் அடக்கம் என்பது முதல் சம்பளச் சீட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கையில் வந்தது 25,500. தவணை 22,700. மீதி 2,800 ரூபாய். சென்னையில் மூன்று பேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலும் சாப்பாடும் என்ன விலை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 2,800க்கு நிச்சயம் கிடைக்காது.

உங்கள் லோன் மேளாவில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் பெற்றோரிடம் 80இ என்று ஒன்றைச் சொல்வார்கள். கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருடம் வருமான வரிக் கழிவு. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வந்தால்தானே கழிப்பதற்கு? இந்தப் பையனுக்கு வரியே கிடையாது. புதிய வரி முறையில் போனால் அந்தக் கழிவும் கிடையாது. இனிமேலாவது அந்த 80இ வாசகத்தை நோட்டீஸில் அடிக்காதீர்கள்.

அதே தெருவில் தறிக்கு நூல் தார் சுற்றப் போகிற ஒரு அம்மாவின் மகள், அதே வருடம் பிளஸ் டூ. கட்ஆஃப் 200க்கு 168. அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய கவுன்சிலிங்கில் திருச்செங்கோடு பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரி கிடைத்தது. அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017இல் வைத்தது வருடம் 50,000, என்.பி.ஏ. எனும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் இருந்தால் 55,000. (இந்த என்.பி.ஏ. உங்களுக்குப் பெருமை. எங்கள் வங்கியில் என்.பி.ஏ. என்றால் வாராக்கடன், வயிற்றைக் கலக்கும். சில சமயம் இரண்டும் ஒரே மாணவனிடம் சந்தித்துக்கொள்ளும்.) பேருந்துக் கட்டணம், புத்தகம், அது இது என்று சேர்த்து நாலு வருடத்துக்கு நாலு லட்சத்துக்குள் முடிந்தது. நான் கொடுத்த கடன் 3 லட்சம், ஜாமீன் இல்லாமல்.

அந்தக் கல்லூரியை நான் புகழப்போவதில்லை. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள். அந்தப் பெண்ணுக்குக் கேம்பஸில் எதுவும் கிடைக்கவில்லை. பத்து மாதம் கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ் படித்து 2,80,000க்குச் சேர்ந்தது. தறிக்காரர் மகனைவிட 80,000 குறைவு. ஆனால் அந்தப் பெண்ணின் தவணை 5,500. முதல் தீபாவளிக்கு அம்மாவுக்குப் புடவையும் கிரைண்டரும் வாங்கிக் கொடுத்தது. இரண்டு பேரும் இப்போது வேறு வேறு கம்பெனிக்கு மாறிவிட்டார்கள். பெண்ணுக்கு ஐந்து லட்சம், பையனுக்கு ஐந்தரை. பையன் கெட்டிக்காரன்தான். எங்கே படித்திருந்தாலும் இங்கே வந்து சேர்ந்திருப்பான் என்பது என் எண்ணம்.

இரண்டு பேருக்கும் கட்டண வித்தியாசம் 16 லட்சம். அந்த 16 லட்சம் எதை வாங்கிக் கொடுத்தது?

இரண்டே இரண்டு பேரை வைத்துக் கணக்குப் போடலாமா என்று நீங்கள் கேட்கலாம். கூடாதுதான். நீங்கள் ஒரே ஒரு டை கட்டிய பையனை வைத்துப் போட்டீர்களே.

நியாயமாகப் பேசுவோம். உங்களில் சிலரிடம் படித்துவிட்டு, மூன்று வருடத்தில் முழுக் கடனையும் அடைத்துவிட்டு, மிட்டாய்ப் பெட்டியோடு கிளைக்கு வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் பெரும்பாலும் நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க் வாங்கி, குறைந்த கட்டணத்தில் சேர்ந்தவர்கள். உங்களில் ஓரிடத்தில் ஒரே வகுப்பறை, ஒரே பேராசிரியர், ஒரே பட்டம், ஆனால் ரேங்கைப் பொறுத்து ஐந்து விதக் கட்டணம். முதல் வகைக்கும் ஐந்தாம் வகைக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். கம்பெனிக்காரனுக்கு இவன் எந்த வகையில் சேர்ந்தவன் என்பது தெரியாது, அவன் எல்லோருக்கும் ஒரே சம்பளம்தான் கொடுப்பான். முதல் வகையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். ஐந்தாம் வகையில், வீட்டை வைத்து, மெக்கானிக்கலோ சிவிலோ என்றால் என் பேனா கொஞ்சம் யோசிக்கும். 'இந்தப் பல்கலைக்கழகம் நல்லதா?' என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை. என்ன விலைக்கு, எந்தப் பிரிவு என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும்.

மலிவான கல்லூரி என்றாலே லாபம் என்றும் சொல்லமாட்டேன். ஒரே பேராசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டிய கூத்து 2024இல் வெளியே வந்ததே, அதெல்லாம் கவுன்சிலிங் கல்லூரிகளில் நடந்ததுதான். அங்கே நாலு லட்சமும் நாலு வருடமும் போய், கையில் அரியர் மட்டும் மிஞ்சியவர்கள் உண்டு. உங்கள் ஆய்வகமும் நூலகமும் அவர்களுக்குக் கனவு. கையிலிருக்கும் பணத்தில் கட்டக்கூடிய குடும்பம், பிள்ளை நாலு ஊர்ப் பிள்ளைகளோடு பழகட்டும் என்று சேர்த்தால் அது அவர்கள் விருப்பம், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. நான் பேசுவது பத்திரத்தை மஞ்சப் பையில் போட்டு எடுத்து வருகிறவர்களுக்காக.

இனி உங்கள் 'பிளேஸ்மென்ட் 95 சதவீதம்' கணக்கு. கிளைக்கு வரும் பிள்ளைகளிடம் வருடக்கணக்கில் விசாரித்ததில் நான் தெரிந்துகொண்டது இது. சில இடங்களில் ஒரு பையனுக்கு மூன்று ஆஃபர் வந்தால் மூன்றாக எண்ணுகிறார்கள். சதவீதம் போடும்போது, அரியர் வைத்தவர்களும் குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே இருப்பவர்களும் 'தகுதி இல்லாதவர்கள்' என்று முதலிலேயே கழிந்துவிடுகிறார்கள். நூறு பேர் சேர்ந்து, எழுபது பேர் தகுதி பெற்று, அறுபத்தாறு பேருக்கு வேலை கிடைத்தால் 94 சதவீதம். கட்டணம் வாங்கும்போது நூறு பேரிடமும் வாங்கினீர்கள். அந்த முப்பது பேருக்கும் எங்களிடம் கடன் இருக்கிறது, அரியர் வைத்ததற்காக வட்டி நிற்பதில்லை. உச்ச சம்பளம் என்று போடுவதில், சேரும்போது ஒரு தடவை கொடுக்கும் போனஸும் நாலு வருடம் கழித்துக் கைக்கு வரும் கம்பெனி ஷேரும் சேர்த்தி.

சராசரி என்று ஒன்று போடுகிறீர்கள். அதிலும் சூட்சுமம் இருக்கிறது. ஒன்பது பேர் மூன்றரை லட்சமும் ஒருவன் ஐம்பது லட்சமும் வாங்கினால் சராசரி எட்டு லட்சத்தைத் தாண்டிவிடும். அந்தப் பத்துப் பேரில் ஒருவன்கூட எட்டு லட்சம் வாங்கவில்லை. பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் இதற்கு வைத்தியமாக இடைநிலை அளவு என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் அதை இப்படிச் சொல்வேன்: பாஸ் பண்ணின நூறு பேரையும் சம்பளப்படி வரிசையாக நிற்க வையுங்கள். முதல் ஆளைப் பார்க்காதீர்கள், அவன் படம் பேப்பரிலேயே இருக்கிறது. நடுவில் நிற்கிற ஐம்பதாவது ஆளைத் தோளைத் தட்டிக் கேளுங்கள். உங்கள் பிள்ளை பெரும்பாலும் அவனுக்குப் பக்கத்தில்தான் நிற்கப்போகிறான்.

வேந்தர்களே, நான் கேட்பது இந்த ஐம்பதாவது ஆளைத்தான். ஒரே ஒரு தாள். விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கமாக, தமிழிலும் அச்சடித்து, முன்பணம் வாங்குவதற்கு முன்னால் கையில் கொடுங்கள். பிரிவு வாரியாக, நாலு வருட மொத்தச் செலவு, 'இதர' உட்பட. போன வருடம் முடித்த வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், நாலு வருடத்தில் முடித்தவர்கள் எத்தனை பேர், வேலையில் உண்மையில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், ஐம்பதாவது ஆளின் சம்பளம், எழுபத்தைந்தாவது ஆளின் சம்பளம். அதற்குக் கீழே, இந்தச் செலவு முழுவதற்கும் கடன் வாங்கினால் மாதத் தவணை என்ன என்று ஒரு வரி.

இது ஏதோ வானத்தை வில்லாக வளைக்கிற வேலை மாதிரி உங்களுக்குத் தோன்றினால், எங்கள் கதையைச் சொல்கிறேன். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குப் புதிதாகக் கொடுக்கும் தவணைக் கடன் எதுவாக இருந்தாலும் வங்கி ஒரு முக்கிய விவரத் தாளைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. வட்டி, மறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்ந்த உண்மையான வருட விகிதம், தவணை அட்டவணை, எல்லாம் அதில் இருக்க வேண்டும், கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில். நாங்களும் முதலில் முணுமுணுத்தோம். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. மாதம் 500 ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொல்லும் விளம்பரம்கூட, கடைசியில் மூச்சு விடாமல் 'சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை' என்று ஒரு தடவை சொல்லித்தான் தீர வேண்டியிருக்கிறது. 20 லட்ச ரூபாய்ப் பட்டத்துக்கு அப்படி ஒரு வார்த்தை கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கணக்கு எங்களிடம் இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காக ஒன்றிய அரசுக்கு வருடாவருடம் நீங்களே கொடுக்கிறீர்கள். சேர்ந்தவர்கள், குறித்த காலத்தில் முடித்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், அவர்களுடைய இடைநிலைச் சம்பளம், மேல்படிப்புக்குப் போனவர்கள், எல்லாம் ஒரே அட்டவணையில். தரவரிசைக்கு விண்ணப்பித்த நிறுவனங்கள் அதைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். தேடினால் கிடைக்கும், எங்கோ அடியில், சின்ன எழுத்தில், ஒரு பி.டி.எஃப். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அதைப் படிப்பதுதான் பொழுதுபோக்கு. முழுப்பக்க விளம்பரத்தில் பார்த்த எண்ணையும் அந்த அட்டவணையில் இருக்கும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஊரைப் பற்றித்தான் இரண்டும் பேசுகின்றனவா என்று சந்தேகம் வரும். அந்த அட்டவணையிலும் எனக்குக் குறை உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸையும் சிவிலையும் பயோடெக்கையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி, நாலு வருடப் பட்டப்படிப்பு என்று ஒரே வரி. சம்பளமும் வேலை கிடைத்தவர்களுடையது மட்டும். அரசாங்கத்துக்குக் கொடுக்கத் தெரிந்த உங்களுக்கு, அதைப் பிரிவு வாரியாகப் பிரித்துப் பெற்றோருக்குக் கொடுக்க ஒரு கிளார்க்கின் ஒரு வார வேலை.

கட்டணத்தைக் குறையுங்கள் என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தச் சண்டை பழையது. உச்ச நீதிமன்றம் 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கிலும் 2005இல் இனாம்தார் வழக்கிலும், கட்டணத்தை வைத்துக்கொள்ளும் சுதந்திரம் உங்களுக்கு உண்டு, கொள்ளை லாபமும் நன்கொடை வசூலும் கூடாது என்று சொல்லிவிட்டது. நன்கொடைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1992லிருந்தே சட்டம் இருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், வங்கிக் கவுன்ட்டரில் திடீரென்று பணமாக எடுக்க வருகிறவர்களை வைத்து எனக்கும் தெரியும். அதற்குள் இன்று போகவில்லை. உங்கள் விலையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிற பொருள் என்ன என்று சொல்லிவிட்டு வையுங்கள்.

முன்பணம் வாங்கும் நேரத்தைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை. உங்கள் நுழைவுத் தேர்வு முடிவு மே மாதம் வந்துவிடும். பொறியியல் கவுன்சிலிங் ஜூலையில் தொடங்கி ஆகஸ்ட் வரை போகும். இந்த இடைவெளியில்தான் பயம் விற்பனையாகிறது. 'பத்து நாளில் கட்டாவிட்டால் சீட் போய்விடும்' என்று குறுஞ்செய்தி வரும். கவுன்சிலிங்கில் என்ன கிடைக்கும் என்று தெரியாமலே ஜனங்கள் நகைக்கடன் வரிசையில் நிற்பார்கள். கூட்டம் எங்களுக்குத் தெரியும், மே கடைசி வாரம் நகை மதிப்பீட்டாளருக்கு மூச்சு விட நேரமிருக்காது. கட்டிவிட்டால் திரும்ப வராது என்று நினைத்து, பிறகு கவுன்சிலிங்கில் நல்ல இடம் கிடைத்தும் போகாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகினால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சொல்லியிருந்தது. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதன் விதிதான். இதை உங்கள் குறுஞ்செய்தியில் ஒரு வரியாகச் சேர்த்தால் பாதிப் பேருக்கு இரவில் தூக்கம் வரும்.

ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பரில் பி.எம். வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்த பிறகு இது இன்னும் அவசரமாகிவிட்டது. தரவரிசையில் வரும் நிறுவனங்களில் (அப்போது 860) சேர்ந்தால் ஜாமீனும் வேண்டாம், சொத்தும் வேண்டாம். ஏழரை லட்சம் வரையிலான கடனுக்கு 75 சதவீதம் அரசு உத்தரவாதம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிக்கும் காலத்திலும் அதன்பின் ஒரு வருடமும், 3 சதவீத வட்டி மானியம். நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. தறிக்காரர் வீட்டுப் பத்திரம் அவரிடமே இருந்திருக்கும். ஆனால் பத்திரம் கேட்கும்போது நடக்கிற ஒரு நல்ல காரியம் இனி நடக்காது. வீட்டை எழுதிக் கொடுக்கப்போகிறோம் என்றவுடன் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரு ராத்திரி உட்கார்ந்து யோசிப்பார்கள். மாமனாரைக் கேட்பார்கள். மேலாளரைக் கேட்பார்கள். இப்போது விண்ணப்பம் போனிலேயே போய்விடும். சுலபமாகக் கிடைக்கிற பணம் கண்ணில் பட்டால் விலை ஏறும் என்பது சந்தைக் கடையில் உட்கார்ந்தவனுக்கும் தெரியும். தவணை மட்டும் பையன் பேரில் அப்படியே இருக்கும், கட்டாவிட்டால் சிபில் என்னும் கடன் மதிப்பெண்ணில் விழும். இருபத்து நாலு வயதில் சிபில் கெட்ட பிள்ளைக்கு, ஒரு பைக் லோன்கூடக் கொடுக்க முடியாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தறிக்காரரைப் போன மாதம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். இரண்டு தறிதான் ஓடுகிறது. கோபமெல்லாம் இல்லை அவருக்கு, டீ வாங்கிக் கொடுத்தார். சின்ன மகள் இந்த வருடம் பிளஸ் டூ. "அதுக்கும் உங்ககிட்டயே கேட்டுட்டுத்தானுங்க சேக்கோணும்" என்றார். அந்தப் பழைய விளம்பரத் துண்டை வைத்திருக்கிறீர்களா என்று விளையாட்டாகக் கேட்டேன். இல்லையாம். வேறொரு விளம்பரம் புதிதாக வந்திருக்கிறதாம், பையில் இருந்து எடுத்துக் காட்டினார். இந்தத் தடவை டை கட்டிய பெண் படம்.

மே மாதம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் உங்கள் ஆட்கள் கல்விக் கண்காட்சி என்று ஸ்டால் போடுவார்கள். நான் அவரையும் அவர் மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். பேனாவும் துணிப் பையும் கொடுப்பீர்கள், வாங்கிக்கொள்கிறோம். அந்தத் தாளையும் கொடுக்கச் சொல்லி உங்கள் ஆட்களிடம் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவன்,
காவிரிக் கரை, நாமக்கல் மாவட்டம்.